நான்காவது வான்கோழி

பிரயாணம் போவதிலும் பார்க்க, எங்கே போவதென்று தீர்மானிப்பதே பெரும்பாடு என்பது குடும்பம் நடத்தும் எவர்க்கும் தெரிந்த உண்மை. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஆறு ஊர்களின் பெயர்கள் அடிபடும். ஒருவாறு தீர்மானித்துப் போய்ச் சேர்ந்த பின்பும், "இவ்வளவு யோசித்து இங்கேதானா வந்தோம்?" என்று ஒருவராவது முணுமுணுப்பார். இந்தத் தொல்லை எமது நாட்டவர்க்கே உரியதென நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2025ஆம் ஆண்டு தை மாதத்தில், அமெரிக்காவில் ஒரு முதியவரின் அடுக்களை மேசையில் அதே தொல்லையைக் கண்டபோதுதான் அவ்வெண்ணம் மாறியது. அவர் தீர்மானிக்க முயன்றது கோயிலுக்குப் போவதையோ கடற்கரைக்குப் போவதையோ அன்று. காட்டு வான்கோழி வேட்டைக்கு எந்த மாநிலத்துக்குப் போவது என்பதை!

வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். திருக்குறளிலே கொல்லாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குப் படிப்பித்து வருபவர் நாம். மரக்கறி உணவன்றி வேறொன்றைத் தொட்டறியாதவர். அப்படிப்பட்ட நாம் அந்த ஆலோசனைச் சபையில் எவ்வாறு அங்கத்தவரானோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எமது தங்கையின் குடும்பம் ஒஹாயோ மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு சிறு நகரில் வாழ்கின்றது. விடுப்பெடுத்து அங்கே சென்றிருந்தோம். முற்றம், மதில், மரம் எல்லாம் வெண்பனி மூடிக் கிடந்தன. நாம் சென்ற மறுநாட் காலையில், அடுத்த வீட்டு முதியவர் ஒருவர் மண்வாரியோடு வந்து, தம் வீட்டு வாசலோடு தங்கை வீட்டு வாசற் பனியையும் தள்ளிவிட்டுப் போவதைக் கண்டோம். வயது எழுபத்து நான்கு. தச்சுத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே இருப்பவர். நன்றி சொல்லச் சென்ற எம்மை அவர் விடவில்லை. "ஆசிரியரே, உள்ளே வாருங்கள், கோப்பி குடிக்கலாம்" என்று அழைத்துச் சென்றார்.

போகுமுன் எம் மருமகள் காதோடு எச்சரித்தாள்: "மாமா, நீங்கள் எறும்பையும் மிதியாமல் நடப்பவர். அந்த வீட்டுச் சுவரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்."

சுவரிலே மூன்று பெரிய வாற்சிறகுகள் விரித்த விசிறி போல மாட்டப்பட்டிருந்தன. ஒன்றின் ஓரம் செம்பழுப்பு. அதற்கடுத்தது சற்றே இருண்டது. மூன்றாவதன் ஓரம் சந்தன நிறம். நான்காவதாக ஓர் ஆணி மட்டும் அறையப்பட்டு வெறுமையாக இருந்தது. மேசையில் அமெரிக்க தேசப்படம் விரிந்து கிடந்தது. அதில் மூன்று இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். நான்காவது இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

"வேட்டை வருவது வசந்தகாலத்தில், ஆனால் இடம் பார்ப்பது பனிக்காலத்தில்" என்று தொடங்கி, அந்த வித்தையை அவர் எமக்குப் பாடமாகவே நடத்தினார். நாமும் நல்ல மாணவராய்க் கேட்டோம்.

அமெரிக்காவின் காட்டு வான்கோழி ஒரே இனமே. எனினும், நிலத்துக்கு நிலம் நிறம் வேறுபட்டு உட்பிரிவுகளாய் வழங்குகின்றது. கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழ்வது கிழக்கத்தியப் பறவை. புளோரிடாத் தீபகற்பத்தில் மட்டும் வாழ்வதற்கு, செமினோல் மக்களின் தலைவரான ஒசியோலாவின் பெயரை 1890இல் இட்டனர். டெக்சாஸ், ஒக்லஹோமா, கான்சாஸ் முதலிய வெளிகளில் வாழ்வது ரியோ கிராண்டே. மேற்கு மலைகளில் வாழ்வது மெரியம். அதன் வாலோரம் ஏறக்குறைய வெண்மை. மெக்சிக்கோ எல்லையோரத்தில் ஐந்தாவது பிரிவொன்றும் உண்டு. ஆயினும் முதல் நான்கையும் பெற்றவரையே "கிராண்ட் ஸ்லாம்" முடித்தவர் என்று வேட்டைக்காரர் கொண்டாடுவர். எம் முதியவர் மூன்று முடித்திருந்தார். நான்காவதற்காகவே அந்த ஆணி.

"இடந் தெரிவது இலேசான காரியமன்று" என்றார் அவர். முதலாவது, காலம். வசந்தம் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது போல வேட்டைப் பருவமும் நகரும். தென் புளோரிடாவில் மார்ச்சுத் தொடக்கத்திலேயே தொடங்கும். வடமாநிலங்களில் மே மாதம் வரை செல்லும். இரண்டாவது, நிலம். டெக்சாசில் நிலமெல்லாம் பெரும்பாலும் தனியார் உடைமை. உடையவருக்குப் பணங்கொடுத்தே உட்புக வேண்டும். மேற்கு மலைநாட்டிலோ அரசாங்கக் காடுகள் பரந்து கிடக்கின்றன. எவரும் நுழையலாம், ஆனால் எவரும் நுழைந்திருப்பர். மூன்றாவது, அனுமதிப்பத்திரம். வேற்று மாநிலத்தார் உள்ளூரவர் கொடுப்பதிலும் பன்மடங்கு கட்டணம் கட்ட வேண்டும். சில இடங்களிற் கேட்டவுடன் கிடைக்கும். சில இடங்களிற் சீட்டிழுப்பில் அதிர்ஷ்டம் இருந்தால் மட்டுமே கிடைக்கும். நான்காவது, எத்தனை பறவை என்னும் கட்டுப்பாடு. அவருடைய சொந்த மாநிலமாகிய ஒஹாயோவில் வசந்தகாலத்துக்கு இரண்டு என்றிருந்ததை 2022இல் ஒன்றாகக் குறைத்துவிட்டனர். குஞ்சுகள் முன்போலத் தேறவில்லை என்பதே காரணம்.

"அப்படியானால் வேட்டையையே நிறுத்திவிட்டால் என்ன?" என்று எம்மையறியாமற் கேட்டுவிட்டோம். கேட்ட பின்னர் நாக்கைக் கடித்துக்கொண்டோம்.

அவர் கோபிக்கவில்லை. "நான் பிறந்தபோது இந்த மாநிலத்தில் ஒரு காட்டு வான்கோழியும் இருக்கவில்லை" என்றார். அது மெய்யே. காடுகளை வெட்டியும் கணக்கின்றிச் சுட்டும் 1904ஆம் ஆண்டளவில் ஒஹாயோவில் அப்பறவையை அடியோடு ஒழித்துவிட்டனர். 1937இல் அமெரிக்க மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, வேட்டைத் துவக்குகளிலும் தோட்டாக்களிலும் அறவிடும் வரியை வனவிலங்குகளின் மீட்சிக்கே ஒதுக்கியது. பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. பின்னர், காட்டுப்பறவைகளையே வலைவீசிப் பிடித்து, பறவையற்ற காடுகளிற் கொண்டுபோய் விட்டார்கள். வெடிமருந்தால் வலையைப் பாய்ச்சும் முறை 1951இல் தென் கரோலினாவிற் கைகூடியபின் அவ்வேலை விரைந்தது. ஒஹாயோவில் 1956 முதல் பறவைகளைக் குடியேற்றினர். பத்தாண்டு கழித்து, 1966இலே வேட்டைக்கு மீண்டும் இடங்கொடுத்தனர். இன்று அலாஸ்கா தவிர்ந்த எல்லா மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு.

"முதன்முதல் ஒரு சேவலின் குரலைக் கேட்டபோது எனக்குப் பதினேழு வயது. அன்று நான் சுடவில்லை. அழுதுவிட்டேன். என் தகப்பனார் கேளாத குரல் அது" என்றார் முதியவர்.

கொல்பவர்களின் பணத்தாலேயே ஓர் இனம் உயிர்பெற்றது என்ற செய்தியை எந்த அதிகாரத்தின் கீழ் வைப்பதென்று எமக்குத் தெரியவில்லை. எம் கொள்கை மாறவில்லை. ஆனால் எதிரே இருந்தவரை எளிதாகக் குற்றஞ்சாட்டிவிடலாம் என்ற எண்ணம் மாறியது.

பின்னர் அவர் தாமே செய்த ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். அதன் மூடியை மெல்ல உராய்ந்தபோது பேட்டின் குரல் பிறந்தது. இயற்கையிற் சேவல் கூவ, பேடுதான் அதனை நாடிச் செல்லும். வேட்டைக்காரரோ பேடு போலக் குரல்காட்டிச் சேவலைத் தம்மிடம் வரச்செய்ய வேண்டும். இயற்கையின் ஒழுங்கைத் தலைகீழாக்குவதே அவ்வித்தை. பறவைக்குக் கண் மிகக் கூர்மை. ஒரு விரல் அசைந்தாலும் ஓடிவிடும். மரத்தடியிலே மரத்தோடு மரமாய், இலைநிற உடையில், இருள் நீங்குமுன் போய் அமர வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீல நிறங்கள் உடம்பில் இருத்தலாகாது. அவை சேவலின் தலை நிறங்களாதலின், மற்றொரு வேட்டைக்காரர் பறவையென்று மயங்கிச் சுட்டுவிடக்கூடும். நாற்பது யாருக்குள் வந்தாலன்றித் துவக்கை உயர்த்துவதில்லை. வசந்தத்திலே மார்பில் தாடிபோல் மயிர்க்கற்றை தொங்கும் பறவைக்கே அனுமதி. அதாவது பெரும்பாலும் சேவலுக்கே. பேடுகள் முட்டையிடப் போயிருக்கும்.

சேவல் வாலை விரித்து, சிறகைத் தாழ்த்தி, உடம்பைப் பருக்கச் செய்து ஆடும் ஆட்டத்தை முதியவர் தம் இரு கைகளாலும் காட்டினார். மூதுரை படித்த தமிழ்ப்பிள்ளைகளுக்கு வான்கோழி என்றால், மயிலைப் பார்த்து ஆடப்போய் நகைப்புக்கிடமான பறவை என்பதே நினைவு. ஆனால் அமெரிக்காவே இப்பறவைக்குத் தாயகம். 1612இல் கோவாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டியபோது, முகலாயப் பேரரசர் சகாங்கீர் வியப்புற்று, மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்தார். மயில் இல்லாத காட்டிலே அது ஆடும் ஆட்டம் எவரிடமும் கற்றதன்று என்பதை அன்று அந்த அடுக்களையில் உணர்ந்தோம்.

இவ்வளவும் கேட்டபின், "நான்காவது வட்டம் எங்கே இருக்கிறது?" என்றோம்.

"தென் டக்கோட்டாவின் கருங்குன்றங்கள்" என்றார். அங்கே மெரியம் வான்கோழி பழங்காலத்தில் இருக்கவில்லை. 1948 முதலாக நியூ மெக்சிக்கோ, கொலராடோ மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டவை பெருகிவிட்டன. பைன் மரக் காடு. பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட அரசாங்க நிலம். யார் வாசலிலும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. ஏறத்தாழ 1200 மைல். காரில் இரண்டு நாட்பயணம். கட்டணம், தங்குமிடம், உடை எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கடதாசியில் எழுதியிருந்தார்.

"பின்னர் ஏன் பென்சிலால் வட்டமிட்டீர்கள்?"

அப்போதுதான் மெய்யான சங்கடம் வெளிப்பட்டது. நாற்பது ஆண்டுகளாக அவரோடு வேட்டைக்குச் செல்பவர் அவர் மைத்துனர். மறைந்த மனைவியின் தம்பி. மூன்று வட்டங்களிலும் அவர் கூட இருந்தவர். சென்ற இரண்டாண்டாக அவருக்குச் சுவாசப்பை நோய். நூறு யார் நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். கருங்குன்றங்களில் வேட்டைக்காடு ஐயாயிரம் அடி உயரத்தில் உள்ளது. ஏற்றமும் இறக்கமுமான வழி. வைத்தியர் கூடாதென்றுவிட்டார். அவரை விட்டுப் பதின்மூன்று வயதுப் பேரனைக் கூட்டிச் செல்லலாம். மைத்துனரும், "நீ போய் வா, எனக்காக நில்லாதே, உனக்கும் முழங்கால் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்?" என்று வற்புறுத்துகிறார்.

மற்றொரு வழியும் இருந்தது. ஒஹாயோ ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி. அங்கே பருவம் ஏப்பிரல் நடுவில், ஒஹாயோவிலும் ஒரு வாரம் முந்தித் தொடங்கும். பழைய நண்பர் ஒருவரின் புல்வெளி உண்டு. கார் வெளியின் ஓரம்வரை செல்லும். துணியாலான மறைப்புக் கூடாரத்தில் நாற்காலி போட்டு மைத்துனரை இருத்தலாம். ஆனால் அங்கே உள்ளது கிழக்கத்தியப் பறவைதான். சுவரில் ஏற்கெனவே உள்ளது. ஆணி வெறுமையாகவே இருக்கும்.

"நீங்கள் இரண்டு பக்கமும் சேராதவர், ஆசிரியர், சொல்லுங்கள்" என்றார்.

உயிர்க்கொலைக்கு ஊர் தெரிந்து கொடுக்கும் பொறுப்பு எமக்கு வந்துவிட்டதே என்று திகைத்தோம். "எமக்கு இதிற் கருத்துக் கூறத் தகுதியில்லை" என்று சொல்லி எழுந்துவிட எண்ணியதும் உண்மை. ஆனால் அந்த வெற்றாணியைப் பார்த்தபோது எம் நெஞ்சில் வேறொரு முள் உறுத்தியது. எவரிடமும் விரிவாகச் சொல்லாத அதை அந்நியரான அவரிடம் சொன்னோம்.

2011இல் எம் தகப்பனாரையும் தாயாரையும் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் சென்றோம். முருகனின் ஆறுபடைவீடுகளையும் தரிசிக்க வேண்டுமென்பது எம் திட்டம். கையிலிருந்தது ஆறே நாள். திருத்தணியில் தொடங்கி, சுவாமிமலை, திருச்செந்தூர், திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை என்று வாகனத்தில் ஓடினோம். இறங்குவோம், கும்பிடுவோம், ஏறுவோம். ஆறாவது பழனி. மலையேறும் இழுவை வண்டிக்கு நின்ற நெடும் வரிசையில் எழுபத்தாறு வயதான தகப்பனாருக்குத் தலைசுற்றியது. தாயாரை அவரோடு அடிவாரத்தில் இருத்திவிட்டு, கணக்கு முடிய வேண்டுமே என்று நாம் படியேறிப் போனோம். நாலு மணித்தியாலம் கழித்துத் திருநீற்றோடு இறங்கி வந்தோம்.

தகப்பனார் கேட்டார்: "தம்பி, ஆறும் முடிந்துவிட்டதா? நல்லது. இனியாவது எங்கேயேனும் ஓரிடத்தில் இருந்து கதைப்போமா?"

மறுநாள் எமக்கு விமானம். அடுத்த ஆண்டு அவர் காலமானார். அந்தக் கதை கதைக்கப்படவேயில்லை. ஆறு படைவீடும் பார்த்தவர் என்று எம்மைப்பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே.

இதைச் சொல்லி முடித்தபோது முதியவர் ஒன்றும் பேசவில்லை. தேசப்படத்தை மெல்லச் சுருட்டினார். "கோப்பி ஆறிவிட்டது" என்று மட்டும் சொன்னார். அவர் மனத்தை நோகச் செய்துவிட்டோமோ என்ற கவலையோடு திரும்பினோம். பிரயாணத்துக்கு இடந் தெரிபவர்க்கு உபதேசம் வேண்டியதில்லை. கணக்கு மட்டும் போதும் என்று எம்மை நாமே கடிந்துகொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, நாம் ஊர் திரும்பும் காலையில் அவர் வந்தார். பனி தள்ளும் மண்வாரி கையில் இருந்தது. "கென்டக்கி" என்று ஒரே சொல் சொன்னார். பின்னர், "பேரனும் வருகிறான். கூடாரத்தில் மூன்று நாற்காலி கொள்ளும்" என்றார்.

வைகாசி மாதத்தில் எம் மருமகளின் கைத்தொலைபேசி வழியாக அவருடைய கடிதமும் ஒரு படமும் வந்தன. மூன்று காலைகள் கூடாரத்தில் இருந்தார்களாம். முதல் இரு நாளும் மழையும் காற்றும். குரல்கள் கேட்டன, பறவை வரவில்லை. மைத்துனர் தம் அக்காவின் சிறுவயதுக் கதைகளைப் பேரனுக்குச் சொன்னாராம். அவற்றுட் பலவற்றை அவளுடன் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த முதியவரே அன்றுதான் முதன்முதற் கேட்டாராம். மூன்றாம் நாள் விடியலில் ஒரு சேவல் புல்வெளியைக் கடந்து ஆடிக்கொண்டே வந்தது. பேரன் மரப்பெட்டியை உராய்ந்தான். மைத்துனர் சுட்டார். இருபது இறாத்தற் பறவை. முதியவருடைய அனுமதிப்பத்திரமோ பயன்படுத்தப்படாமலே வீடு திரும்பியது.

படத்தில் மூவரும் நாற்காலிகளில் இருந்து சிரிக்கின்றனர். மைத்துனரின் மடியில் இறந்த பறவை. அதைப் பார்த்து மகிழ்வதா வருந்துவதா என்று எமக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. பறவைக்காக ஒரு கணம் கண்களை மூடினோம். பின்னர் மூன்று முகங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது என்றும், அதைக் கழற்றும் எண்ணம் தமக்கில்லை என்றும் கடிதத்தின் முடிவில் எழுதியிருந்தார்.

அவ்வாண்டு ஆவணி விடுமுறைக்கு எம் வீட்டிலும் வழக்கம்போலச் சபை கூடியது. மூத்தவன் நுவரெலியா என்றான். இளையவள் திருகோணமலைக் கடற்கரை என்றாள். மனைவி கதிர்காமம் என்றார். நாம் எவரையும் மறுக்காமல், மூலையிற் பாக்கு இடித்துக்கொண்டிருந்த தாயாரிடம் சென்று, "அம்மா, உங்களுக்கு எங்கே போக விருப்பம்?" என்று கேட்டோம். எம் அறிவுக்கு எட்டியவரை, அந்தக் கேள்வியை அவரிடம் அதற்குமுன் ஒருவரும் கேட்டதில்லை.

அவர் பாக்குரலை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார். "புங்குடுதீவில் அக்காவின் வீட்டுக்குப் போய் ஒரு இரவு தங்க வேண்டும்" என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாட் காலை பஸ் ஏறினோம். பாலத்தைத் தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. தாயார் யன்னலோரம் இருந்து, ஒவ்வொரு பனைக்கூடலையும் காட்டிக் கதைத்துக்கொண்டே வந்தார்.